மேரி கியூரி அம்மையாரின் வாழ்வும் நமது தாதியரின் பாதுகாப்பும்

ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தின் 7ஆம், 8ஆம் திகதிகள் வைத்திய உலகு மறக்கலாகாத இரு நாட்களாகும். முதலாவது, மேரி கியூரி அம்மையார் பிறந்த நாள். அடுத்தது, 1895ஆம் ஆண்டில் ஜேர்மனிய விஞ்ஞானி ரொன்ட்ஜன் எக்ஸ்கதிர்களைக் கண்டறிந்த நாள். இப்பின்னைய நாள் இன்று உலகெங்கும் கதிர்ப்படவியல் தினமாக அனுஷ்டிக்கப்படுகின்றது.

மேரி கியூரி அம்மையாரை நாம் பாடநூல்களில் அறிந்திருக்கின்றோம். ரேடியத்தைக் கண்டவர், இரு முறை நோபல் பரிசு பெற்றவர் என்ற அளவில் அந்த அறிமுகம் முடிந்துவிடுகின்றது. அவர் முதலாம் உலக யுத்த காலத்தில் போர்முனை வைத்தியசாலைகளில் எக்ஸ்கதிர் இயந்திரத்தைத் தாமே இயக்கியவர், நூற்றைம்பது பெண்களுக்கு அப்பணியைக் கற்பித்தவர் என்பது பலருக்குத் தெரியாது. அவரது உயிரைப் பறித்தது ஆய்வுகூடத்து ரேடியமா, வைத்தியசாலையின் எக்ஸ்கதிரா என்ற வினா அவர் மறைந்து அறுபது ஆண்டுகளின் பின் எழுந்தது என்பதும் பலர் அறியாததே. அந்த வினா நமது வைத்தியசாலைகளில் கடமையாற்றும் தாதியர் ஒவ்வொருவருக்கும் உரியதாகும். இக்கட்டுரையில் அதனையே நாம் நோக்க விழைகின்றோம்.

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரையில் செட்டிபாளையம், மாங்காடு, தேற்றாத்தீவு, களுதாவளை என வரிசையாக அமைந்த ஊர்களின் மக்கள் நோயுற்றால் களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலையையும் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையையும் நாடுகின்றனர். காத்தான்குடி, கல்முனை வைத்தியசாலைகளும் தமிழர், முஸ்லிம்கள் என்ற பேதமின்றி இப்பிரதேச மக்களுக்குச் சேவை புரிகின்றன. இவ்வூர்களின் பெண் பிள்ளைகள் பலர் தாதியராகவும் பணியாற்றுகின்றனர். ஆகவே நாம் கூறப்போகும் விடயம் பாரிஸ் நகரத்தோடு முடிந்துவிடுவதன்று. நமது வீடுகளோடும் தொடர்புடையதாகும்.

வார்சோவிலிருந்து பாரிஸ் வரை

மேரி கியூரி 1867ஆம் ஆண்டில் போலந்தின் வார்சோ நகரில் பிறந்தார். அன்று அந்நாடு ரஷ்யப் பேரரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. தந்தையார் பௌதிகமும் கணிதமும் கற்பித்த ஆசிரியர். தாயார் பெண்கள் பாடசாலையொன்றை நடத்தியவர். மூத்த சகோதரியொருவர் காய்ச்சலுக்குப் பலியானார். மேரிக்குப் பத்து வயதாயிருக்கையில் தாயாரும் காசநோயால் மறைந்தார்.

அக்காலத்தில் வார்சோவின் பல்கலைக்கழகம் பெண்களுக்குத் திறந்திருக்கவில்லை. ஆட்சியாளரின் கண்ணில் படாது இடம் மாறி மாறி நடத்தப்பட்ட இரகசிய வகுப்புகளிலேயே அவர் உயர்கல்வியின் முதற்படியைக் கண்டார். பாரிஸில் வைத்தியம் கற்கச் சென்ற சகோதரிக்குப் பணம் அனுப்புவதற்காகச் செல்வந்தர் வீடுகளில் பிள்ளைகளுக்குப் பாடஞ்சொல்லிக் கொடுத்தார். பின்னர், சகோதரியின் துணையுடன் 1891ஆம் ஆண்டில் தாமும் பாரிஸ் சென்று, 1893இல் பௌதிகத்திலும் 1894இல் கணிதத்திலும் பட்டம் பெற்றார். ஒரு பெண்ணின் கல்விக்கு இன்னொரு பெண் தோள் கொடுத்த இவ்வரலாற்றை, பெண் கல்வியை அரும்பாடுபட்டு வளர்த்துவரும் நமது சமூகங்கள் கருத்திற்கொள்ளுதல் நன்று.

1895ஆம் ஆண்டில் அவர் விஞ்ஞானி பியர் கியூரியை மணந்தார். மறு ஆண்டில் யுரேனியத்திலிருந்து கண்ணுக்குப் புலப்படாத கதிர்கள் வெளிவருவதை பெக்கரல் என்பார் அவதானித்தார். அதனையே தமது ஆய்வுப் பொருளாகக் கொண்ட மேரி, தோரியம் என்னும் மூலகமும் அவ்வாறே கதிர்களை வெளியிடுவதை 1898இல் கண்டறிந்தார். அதே ஆண்டில் பொலோனியம், ரேடியம் என்னும் இரு புதிய மூலகங்களை இத்தம்பதியர் அறிவித்தனர். கூரை ஒழுகும் கொட்டகையொன்றில் தொன் கணக்கான கனிப்பொருளைக் காய்ச்சி வடித்துப் பிரித்தெடுத்து, 1902ஆம் ஆண்டில் ஒரு கிராமின் பத்தில் ஒரு பங்கு ரேடியம் குளோரைட்டை அவர் பெற்றார். 1903இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு கணவரோடும் பெக்கரலோடும் பகிர்ந்து வழங்கப்பட்டது. 1906இல் பியர் வீதியில் குதிரை வண்டியில் அகப்பட்டு உயிரிழந்தார். இரு பெண் குழந்தைகளுடன் தனித்துவிடப்பட்ட மேரி, கணவரின் இடத்தில் விரிவுரையாற்றி சோர்போன் பல்கலைக்கழகத்தின் முதற் பெண் ஆசிரியரானார். 1911இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு அவருக்குத் தனியே கிட்டியது.

இக்கண்டுபிடிப்புகளுக்கும் நமது நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. யாழ்ப்பாணத் தமிழ் மரபில் வந்த சேர் முத்துக்குமாரசுவாமியின் மகனும் பின்னாளில் கலை விமர்சகராகப் புகழீட்டியவருமான ஆனந்த குமாரசுவாமி, இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுப் பணியின் தலைவராயிருந்த வேளையில், 1904ஆம் ஆண்டில், தோரியம் நிறைந்த புதிய கனிப்பொருளொன்றைச் சப்ரகமுவப் பகுதியிலிருந்து உலகுக்கு அறிமுகப்படுத்தினார். தோரியனைட் எனப் பெயரிடப்பட்ட அக்கனிப்பொருளிலிருந்தே ஜேர்மனிய விஞ்ஞானி ஒட்டோ ஹான் 1905இல் ரேடியோதோரியத்தைக் கண்டறிந்தார். கிழக்கில் புல்மோட்டைக் கடற்கரையின் கனிய மணலிலும் தோரியம் கொண்ட மொனசைட் கலந்துள்ளது. கதிரியக்கம் எங்கிருந்தோ வந்த அந்நியப் பொருளன்று. நாம் மிதிக்கும் மண்ணிலும் இயற்கையாகவே உள்ளது என்பதை இதனால் அறியலாம்.

தெரிந்திருந்தும் நேர்ந்த இழப்பு

கதிர்களின் தீங்கு அந்நாளில் எவருக்குமே தெரியாதிருந்தது என்று கூறுவாருளர். அது முழு உண்மையன்று. பியர் கியூரி ரேடியத்தைத் தமது கையில் பல மணி நேரம் கட்டி வைத்து, அதனால் உண்டான புண்ணை விவரித்து 1901இலேயே அறிக்கை வெளியிட்டார். அமெரிக்காவில் எடிசனின் உதவியாளராக எக்ஸ்கதிர்க் குழாய்களோடு பணியாற்றிய கிளாரன்ஸ் டாலி, கைகள் துண்டிக்கப்பட்ட பின்னரும் பிழைக்காது 1904இல் மாண்டார். அவருக்கு நேர்ந்த பாதிப்பைக் கண்டு எடிசன் அந்த ஆய்வையே கைவிட்டார். மேரியின் விரல் நுனிகளும் ரேடியத்தைக் கையாண்டு வெடித்துத் தடித்திருந்தன. ஆயினும் ரேடியம் புற்றுநோயைக் குணப்படுத்தும் என்ற பெருமகிழ்ச்சியில் அவ்வெச்சரிக்கைகள் பின்தள்ளப்பட்டன. உடல் தளர்ச்சிக்கு ஓய்வின்மையும் கொட்டகையின் குளிருமே காரணமெனக் கருதப்பட்டது.

1914இல் யுத்தம் மூண்டது. குண்டுச் சிதறல்கள் உடலின் எப்பகுதியில் தங்கியுள்ளன என்று அறியாது சத்திரசிகிச்சை செய்வதால் காயமுற்ற வீரர்கள் வீணே மடிவதை மேரி உணர்ந்தார். எக்ஸ்கதிர் இயந்திரங்களோ பெருநகர வைத்தியசாலைகளில் மட்டுமே இருந்தன. காயமுற்றவரை இயந்திரத்திடம் கொண்டுவர இயலாவிடின் இயந்திரத்தைக் காயமுற்றவரிடம் கொண்டு செல்ல வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தார். வசதி படைத்தோரிடம் மோட்டார் வாகனங்களை இரந்து பெற்று, அவற்றினுள் எக்ஸ்கதிர்க் கருவியையும் மின்பிறப்பாக்கியையும் பொருத்தினார். தாமே வாகனம் ஓட்டவும் அதனைப் பழுதுபார்க்கவும் கற்றார், உடற்கூற்றியலையும் பயின்றார். சுமார் 20 நடமாடும் வாகனங்களும் சுமார் 200 நிலையான எக்ஸ்கதிர் அறைகளும் அவரது முயற்சியால் இயங்கின. இவற்றின் வாயிலாகப் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட வீரர்கள் பரிசோதிக்கப்பட்டதாக மதிப்பிடப்படுகின்றது. அந்த வாகனங்களைப் படைவீரர்கள் சின்னக் கியூரிகள் என்று செல்லமாக அழைத்தனர்.

இயந்திரங்களை இயக்க ஆட்கள் போதவில்லை. ஆகவே 1916 முதல் பெண்களைத் திரட்டிப் பயிற்சியளித்தார். மின்சாரம், எக்ஸ்கதிர், உடற்கூற்றியல் ஆகியவற்றைச் சில வாரங்களில் கற்பித்துப் போர்முனைக்கு அனுப்பினார். இவ்வாறு பயின்றோர் சுமார் 150 பேர். இன்று கதிர்ப்படப் பிரிவுகளில் பணிபுரியும் பெண்களுக்கெல்லாம் முன்னோடிகள் இவர்களே எனலாம். கற்பிப்பதில் அவருக்குத் துணைநின்றவர், பதினேழு வயதிலேயே தாயோடு இப்பணியில் இறங்கிய மூத்த மகள் ஐரீன் ஆவார்.

அவர்களுக்கிருந்த பாதுகாப்பு மிகச் சொற்பம். துணிக் கையுறைகளும் சிறு உலோகத் தடுப்புகளுமே காவலாயின. எக்ஸ்கதிரைத் துணி தடுப்பதில்லை. காயமுற்றோர் வரிசையில் காத்திருக்கையில் தம்மைக் காத்துக்கொள்ள நேரமேது என்ற எண்ணமே மேலோங்கியது.

யுத்தம் முடிந்த பின் மேரியின் உடல்நலம் படிப்படியாகக் குன்றியது. இரு கண்களிலும் கண்புரை படர்ந்து, 1923க்கும் 1930க்கும் இடையில் நான்கு சத்திரசிகிச்சைகள் செய்யப்பட்டன. 1934ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் திகதி, எலும்பு மச்சை குருதியை ஆக்கும் ஆற்றலை இழந்த நோயினால், பிரான்ஸின் மலைப்பகுதிச் சிகிச்சை நிலையமொன்றில் அவர் காலமானார். மகள் ஐரீன் தாமும் ஒரு நோபல் பரிசைப் பெற்ற பின்னர், 1956இல் குருதிப் புற்றுநோயால் மறைந்தார்.

1995ஆம் ஆண்டில் மேரியின் திருவுடலைப் பாரிஸின் பாந்தியன் மண்டபத்துக்கு மாற்றுவதற்காகக் கல்லறை திறக்கப்பட்டது. அவ்வேளை கதிர்வீச்சுப் பாதுகாப்பு நிபுணர்கள் அளவீடு செய்தனர். அவரது உடலில் எஞ்சியிருந்த ரேடியம் உயிரைப் பறிக்கும் அளவினதன்று என்றும், யுத்தகால எக்ஸ்கதிர்ப் பணியே நோய்க்குக் காரணமாயிருத்தல் கூடும் என்றும் அவர்கள் முடிவுசெய்தனர். உலகையே வியக்கவைத்த ரேடியத்திலும் பார்க்க, அன்றாடக் கடமையாகச் செய்த வைத்தியசாலைப் பணியே அவரைக் கூடுதலாகத் தாக்கியிருக்கலாம் என்பது நாம் ஆழ்ந்து சிந்திக்க வேண்டியதொன்றாகும்.

கதிரியக்கம் பற்றி அன்று உலகில் மேரியிலும் அதிகமாக அறிந்தவர் எவருமிலர். அத்தகைய அறிவு அவரைக் காக்கவில்லை. அறிவு, நாளாந்தப் பழக்கமாகவும் நிறுவனத்தின் விதியாகவும் மாறாத வரை எவரையும் காப்பதில்லை என்பதே இவ்வாழ்வு நமக்கு விட்டுச்செல்லும் பாடமாகும்.

பலியானோரின் பெயர்களும் பிறந்த விதிகளும்

1936ஆம் ஆண்டில் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரில், கதிர்ப்படப் பணியில் உயிர்நீத்தோருக்கு நினைவுத்தூண் ஒன்று எழுப்பப்பட்டது. அதில் முதலில் 169 பேரின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. பின்னர் அத்தொகை இருமடங்கையும் தாண்டியது. வைத்தியர்களோடு தாதியரும் தொழில்நுட்பவியலாளரும் அதில் இடம்பெற்றுள்ளனர்.

இவ்வுயிரிழப்புகளின் மீதே இன்றைய விதிகள் எழுந்தன. 1928ஆம் ஆண்டில் ஸ்டொக்ஹோமில் உருவான சர்வதேசக் குழுவே இன்று கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணைக்குழுவாக விளங்குகின்றது. கதிர்வீச்சோடு தொழில் புரிவோர் ஐந்தாண்டுச் சராசரியாக வருடமொன்றுக்கு 20 மில்லிசீவர்ட்டுக்கு மேல் பெறலாகாது என்றும், எந்தவொரு தனி ஆண்டிலும் 50ஐத் தாண்டலாகாது என்றும் அது பரிந்துரைக்கின்றது. கண்வில்லைக்கும் அதேயளவு கடுமையான எல்லை 2011இல் விதந்துரைக்கப்பட்டது. ஒப்பிட்டு நோக்குவோமாயின், இயற்கையிலிருந்து மனிதர் ஒருவர் ஆண்டொன்றில் உலகச் சராசரியாகப் பெறும் அளவு சுமார் 2.4 மில்லிசீவர்ட் ஆகும். நெஞ்சுப் பகுதியின் சாதாரண எக்ஸ்கதிர்ப் படமொன்றினால் நோயாளி பெறுவது அதில் மிகச் சிறு பங்கேயாம்.

இலங்கையில் 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தின் கீழ் ஒழுங்குபடுத்தும் பேரவையொன்று தனியாக நிறுவப்பட்டுள்ளது. எக்ஸ்கதிர் இயந்திரங்களைப் பயன்படுத்துவோர் அதன் அனுமதிப்பத்திரத்தைப் பெறுதல் வேண்டும். சட்டம் உண்டு, அது நள்ளிரவில் கடமையிலிருக்கும் தாதியின் கைகளுக்கு எட்டியுள்ளதா என்பதே வினா.

பயமும் அலட்சியமும்

கதிர்ப்படப் பிரிவின் உத்தியோகத்தர்கள் இதனை முறையாகக் கற்றவர்கள். தாதியரும் சிற்றூழியரும் அவ்வாறல்லர். எனினும் விடுதியில் படுக்கையருகே எக்ஸ்கதிர் எடுக்கும்போது உடன் நிற்பவர்கள் அவர்களே. சத்திரசிகிச்சைக் கூடத்தில் என்பு முறிவைப் பொருத்துகையில் எக்ஸ்கதிர்த் திரையின் அருகில் நிற்பவர்களும், அழும் குழந்தையைப் பிடித்துக்கொள்பவர்களும் அவர்களே.

இவர்களிடையே இருவகைப் பிழைகள் நேர்தல் கூடும். ஒன்று, தேவையற்ற பயம். எக்ஸ்கதிர் எடுத்து வந்த நோயாளியின் உடலில் கதிர் தங்கியிருக்கும் என எண்ணி ஒதுங்குவது இதில் அடங்கும். இயந்திரத்தின் ஆளியை நிறுத்திய கணமே எக்ஸ்கதிர் இல்லாது போகின்றது. விளக்கை அணைத்தால் வெளிச்சம் அறையில் தங்காதது போன்றதே இதுவும். அந்த நோயாளியைத் தொடலாம், தூக்கலாம், அருகிலிருந்து உணவூட்டலாம். மற்றது, பழக்கத்தால் வரும் அலட்சியம். கண்ணுக்குத் தெரியாது, வலியில்லை, நேற்றும் ஒன்றும் ஆகவில்லை என்ற எண்ணம் சின்னக் கியூரிகளில் பணியாற்றிய பெண்களுக்கும் இருந்திருக்கும்.

தேற்றாத்தீவின் பெயரில் தேற்றா மரம் உண்டு. கலங்கிய நீருள்ள பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்துவிட்டால் கலங்கல் அடியிற் படிந்து நீர் தெளிவதை நம் முன்னோர் கண்டிருந்தனர். பயத்தாலும் அலட்சியத்தாலும் கலங்கிய மனத்துக்கு எளிய விளக்கமே அத்தேற்றாங்கொட்டை.

அவ்விளக்கம் மூன்று சொற்களில் அடங்கும்: நேரம், தூரம், தடுப்பு. கதிரின் அருகே நிற்கும் நேரத்தைக் குறைத்தல் முதலாவது. விலகி நிற்றல் இரண்டாவது. ஒரு மீற்றரில் நிற்பவர் இரண்டு மீற்றருக்குப் பின்வாங்கினால் பெறும் அளவு நான்கில் ஒன்றாகவும், மூன்று மீற்றருக்குப் பின்வாங்கினால் ஒன்பதில் ஒன்றாகவும் குறைகின்றது. செலவேதுமின்றி இரண்டு அடிகள் பின்னே வைப்பதால் கிட்டும் காவல் இது. ஈய அங்கியும் கழுத்துக் காப்பும் மூன்றாவது. அங்கியை மடித்து வைத்தால் உள்ளிருக்கும் ஈயப்படை வெடித்துப் பயனற்றுப்போகும், தொங்கவிடுதலே முறை.

குழந்தையைப் பிடிக்க வேண்டிய நிலையில் ஒரே தாதியே நாள்தோறும் அதனைச் செய்தலாகாது. கர்ப்பமுறாத உறவினர் ஒருவர் ஈய அங்கி அணிந்து உதவலாம். கதிரளவுப் பட்டை வழங்கப்பட்டவர்கள் அதனை ஈய அங்கியின் உட்புறம், நெஞ்சுப் பகுதியில் அணிய வேண்டும். பிறருக்கு இரவல் கொடுத்தலோ அலுமாரியில் விட்டுச்செல்லுதலோ கூடாது.

கதிரியக்க மருந்து உட்கொண்ட நோயாளியின் நிலை வேறு. தைரொயிட் நோய்க்காக அயடீன் 131 பெற்றவரின் சிறுநீர், வியர்வை, உமிழ்நீர் ஆகியவற்றிலும் கதிரியக்கம் இருக்கும். அதன் அளவு எட்டு நாட்களுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். கையுறை, தனிக் கழிவறை, கழிவுகளை வேறாக வைத்தல் ஆகியன இங்கு இன்றியமையாதவை. எங்கு பயம் வேண்டியதில்லை, எங்கு கவனம் வேண்டும் எனப் பிரித்தறிவதே விழிப்புணர்வாகும்.

இன்னொன்றையும் நாம் வெளிப்படையாகக் கூற வேண்டும. கருவுற்ற செய்தியை முதன் மாதங்களில் வெளியிற் சொல்லத் தயங்குவது தமிழ், முஸ்லிம் குடும்பங்கள் இரண்டிலும் உள்ள வழக்கம். கண்ணூறு என்பர் சிலர். கூச்சம் என்பர் சிலர். ஆயின் கரு பெரிதும் பாதிக்கப்படத்தக்க காலங்களுள் அம்மாதங்களும் அடங்கும். கர்ப்பத்தை அறிவித்த பின்னர் எஞ்சிய காலம் முழுவதிலும் கருவுக்குச் சேரும் அளவு ஒரு மில்லிசீவர்ட்டைத் தாண்டலாகாது என்பது சர்வதேச நியதி. தாதி தனது மேலதிகாரியிடம் உரிய நேரத்தில் அறிவித்தாலன்றி அந்நியதி பயன் தராது. அறிவிப்பவரை இழப்பின்றி வேறு கடமைக்கு மாற்றுவதும், அச்செய்தியை இரகசியமாகப் பேணுவதும் நிர்வாகத்தின் பொறுப்பாகும். அந்த நம்பிக்கை இருந்தால் மாத்திரமே பெண்கள் வாய்திறப்பர்.

செய்ய வேண்டியது யாது?

பெருஞ்செலவு தேவைப்படும் எதனையும் நாம் கோரவில்லை. ஆதார, போதனா வைத்தியசாலைகள் யாவற்றிலும் ஆண்டுக்கொரு முறையேனும் தாதியருக்கும் சிற்றூழியருக்கும் அவர்களது தாய்மொழியிலேயே கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பயிற்சி வழங்கப்பட வேண்டும். எக்ஸ்கதிர் அறைகளிலும் நடமாடும் இயந்திரங்களிலும் எளிய தமிழில் எச்சரிக்கைப் பலகைகள் இருத்தல் வேண்டும். கதிரோடு அடிக்கடி பணிபுரியும் தாதியருக்குக் கதிரளவுப் பட்டை வழங்கப்படுவதுடன், அதன் அளவீட்டு முடிவு அணிந்தவருக்கே தெரிவிக்கப்படவும் வேண்டும். மட்டக்களப்பு தாதியர் பயிற்சிக் கல்லூரியும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதார பராமரிப்பு விஞ்ஞான பீடமும் இப்பணியில் கைகோக்குமாயின் இப்பிரதேசம் ஏனைய மாவட்டங்களுக்கு முன்மாதிரியாகத் திகழும்.

மேரி கியூரி அம்மையார் பயன்படுத்திய குறிப்பேடுகள் இன்றும் பாரிஸில் ஈயம் பூசிய பெட்டிகளில் வைக்கப்பட்டுள்ளன. ரேடியம் பாதியாகக் குறைய 1600 ஆண்டுகள் செல்லும் என்பதே காரணம். அந்த மேதையின் தாள்களுக்கு இன்று வழங்கப்படும் பாதுகாப்பு, அவரது உடலுக்கு அன்று கிடைக்கவில்லை. நமது பிள்ளைகளான தாதியருக்கு அது உரிய காலத்தில் கிடைக்க வேண்டும். நோயாளியைக் காப்பவரைக் காப்பதும் வைத்தியத்தின் ஓர் அங்கமே என்பதைச் சுகாதாரத் துறையினரும் பொதுமக்களும் உணர்வார்களென நாம் எதிர்பார்க்கின்றோம்.